கவலையற்றவரின் கவலையை யார் சுமக்கிறார்?

('இன்சூசியன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். 'இன்சூசியன்ட்' என்பது அந்தச் சொல். அதன் பெயர்ச்சொல் 'இன்சூசியன்ஸ்'. ஆங்கிலேயர்களே இதை அன்றாடப் பேச்சில் அதிகம் பயன்படுத்துவதில்லை. நாவல்களில் வரும். நாளிதழ்களின் கலைப் பக்கத்திலும் விளையாட்டுப் பக்கத்திலும் வரும். ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் மனப்பாடம் செய்கிற சொற்பட்டியலில் தவறாமல் வரும். பட்டியலில் அதற்கு நேரே 'கேர்ஃப்ரீ' என்று அச்சிட்டிருப்பார்கள். மாணவர் அதைக் 'கவலையற்ற' என்று தமிழில் குறித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். அவரை அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பதுதான் என் நோக்கம். ஏனென்றால் அந்தச் சொல்லின் பாதிப் பொருள்தான் பட்டியலில் இருக்கிறது.

கடற்கரை மணலில் விளையாடும் நான்கு வயதுக் குழந்தை கேர்ஃப்ரீ. அந்தக் குழந்தையை இன்சூசியன்ட் என்று நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர் எவரும் சொல்லமாட்டார். அந்தச் சொல் பொருந்த வேண்டுமானால், கவலைப்படுவதற்கு உரிய ஏதோ ஒன்று எதிரே இருக்க வேண்டும். ஆபத்து இருக்கிறது, அல்லது கடமை இருக்கிறது, அல்லது ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் லேசாக இருக்கிறார். அந்த லேசான தோரணைக்குப் பெயர்தான் இன்சூசியன்ஸ். கவலை இருந்திருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கிறவர் சொல்லும் சொல் அது.

விளையாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கிரிக்கெட் வீரர் விவியன் ரிச்சர்ட்ஸ் 1974 நவம்பரில் நம் அண்டை நகரமான பெங்களூரில்தான் தம் முதல் டெஸ்ட் போட்டியை ஆடினார். பின்னால் 1991 வரை உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்களை அவர் எதிர்கொண்டார். ஹெல்மெட் பரவலாகிவிட்ட காலத்திலும் அவர் அதை அணியவில்லை. தலையில் ஒரு தொப்பி, வாயில் சூயிங் கம், அவசரமே இல்லாத நடை. மட்டையாட வருகிற அந்த நடைக்கு ஆங்கில விளையாட்டு எழுத்தில் மிகப் பொருத்தமான அடைமொழி இன்சூசியன்ட். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பந்து தவறிப் பட்டால் உடைவது அவருடைய தாடைதான், வேறு யாருடையதும் இல்லை. அந்த அலட்சியத்துக்கான விலையைக் கொடுக்க அவரே முன்வந்து நின்றார். அதனால்தான் அது அழகாக இருந்தது என்பது என் கருத்து. இந்தக் கருத்தைத்தான் இன்று முழுவதும் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போகப்போகிறேன்.

இனி சொல்லின் பிறப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'இன்சூசியன்ஸ்' என்ற பெயர்ச்சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'இன்சூசியன்ட்' என்ற அடைமொழி அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் வந்து சேர்ந்தது. பிரெஞ்சில் 'சூசி' என்றால் கவலை. அந்தச் சூசியின் தாய் லத்தீனில் இருக்கிறாள்: 'சொல்லிசிட்டாரே', அதாவது முழுவதுமாக அசைத்துவிடுதல், உலுக்குதல். உள்ளம் முழுவதும் ஆடிப்போவதையே அந்த மக்கள் கவலை என்றார்கள். இந்த லத்தீன் தாய்க்கு ஆங்கிலத்தில் வேறு பிள்ளைகளும் உண்டு. ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம், சொலிசிட்டர். உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுகிறாரே சொலிசிட்டர் ஜெனரல், அந்தச் சொலிசிட்டர்தான். பிறருடைய காரியத்தைத் தன் காரியமாக எடுத்துக்கொண்டு அலைகிறவர் என்பது அதன் உட்பொருள். 'சொலிசிட்டஸ்' என்றும் ஒரு சொல் இருக்கிறது. அடுத்தவரின் நலத்தைப் பற்றி ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கிறவரைக் குறிக்கும். ஆக, எதற்கும் கவலைப்படாதவரும் பிறருக்காகக் கவலைப்படுகிறவரும் ஒரே வேரில் பிறந்த உறவினர்கள். இந்த உறவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'கேர்' வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் துக்கம். இயேசு சிலுவையில் அறையப்பட்ட பெரிய வெள்ளியை ஜெர்மானியர் 'கார்ஃப்ரைட்டாக்' என்கிறார்கள். துக்க வெள்ளி என்று பொருள். அந்தக் 'கார்' இந்தக் 'கேர்'தான். இன்று 'கேர்லெஸ்' என்றால் கவனக்குறைவானவர் என்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அது துக்கமில்லாதவர், கவலையில்லாதவர் என்ற நல்ல பொருளில் வழங்கியது. கவலையில்லாதவர் எதையாவது கைதவற விட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். காலப்போக்கில் அந்தச் சொல் வசையாகவே மாறிவிட்டது. பழைய நல்ல பொருளைச் சுமக்க 'கேர்ஃப்ரீ' என்று புதிதாக ஒரு சொல்லை உருவாக்க வேண்டியதாயிற்று. ஒரு மொழி பேசுகிறவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கண்ட அனுபவம் இந்த மாற்றத்துக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்றைய இளைஞர்களிடம் புழங்கும் 'நான்சலன்ட்' என்ற சொல்லையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அதன் லத்தீன் வேருக்குச் சூடு என்று பொருள். சூடேறாதவர் நான்சலன்ட். நம் பிள்ளைகள் 'கூலா இரு' என்கிறார்களே, ஏறத்தாழ அதுதான்.

பயன்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை அகராதிகள் சொல்வதில்லை. ஒருவர் 'நான் கவலைப்படுகிறேன்' என்று தன்னைப் பற்றிச் சொல்லலாம். 'சிறுவயதில் கேர்ஃப்ரீயாக இருந்தேன்' என்றும் சொல்லலாம். ஆனால் 'நான் இன்சூசியன்ட்' என்று தன்னைப் பற்றிச் சொல்கிறவரைக் காண்பது அரிது. அந்தச் சொல்லை எப்போதும் வெளியே நிற்கிற ஒருவர்தான் உச்சரிக்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தோளைக் குலுக்குவதைப் பார்க்கிறார், புன்னகையைப் பார்க்கிறார், கையசைப்பைப் பார்க்கிறார். ஆகவே ஒருவர் மனத்தின் நிலையை இந்தச் சொல் உறுதிப்படுத்துவதில்லை. அவருடைய தோற்றத்தைப் பற்றி, பார்க்கிறவர் கொடுக்கிற தீர்ப்பு இது. தீர்ப்பு இரு வகையாக வரலாம். 'இன்சூசியன்ட் சார்ம்' என்றால் பாராட்டு, அலட்டிக்கொள்ளாத வசீகரம். ஒரு நிர்வாகி 'ஆபத்தைப் பற்றி இன்சூசியன்ட்' ஆக இருந்தார் என்றால் கண்டனம்.

மொழிபெயர்க்கிறவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். 'கவலையற்ற' என்றால் கண்டனம் விட்டுப்போகிறது. 'பொறுப்பற்ற' என்றால் அழகு விட்டுப்போகிறது. 'மெத்தனம்' என்பது அரசு அலுவலகச் செய்திகளுக்கே சொந்தமாகிவிட்டது. நெடுநாள் யோசித்து நான் வந்து சேர்ந்திருக்கும் சொல் 'அலட்சியம்'. 'அலட்சியமாக சிக்ஸர் அடித்தான்' என்று சொல்கிறபோது நம் குரலில் வியப்பு இருக்கிறது. 'மருத்துவரின் அலட்சியத்தால் உயிர் போனது' என்கிறபோது கோபம் இருக்கிறது. ஒரே சொல் இரண்டு பக்கமும் சாய்கிறது. ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான் சாய்கிறது. எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வது எது என்று கேட்டால், அந்த அலட்சியத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதுதான்.

இனி மனிதர்களைப் பார்ப்போம்.

ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே போட்ஸ்டாம் என்ற ஊர். அங்கே திராட்சைக் கொடி படர்ந்த படிக்கட்டு மேடைகளுக்கு மேலே ஒற்றைத் தளத்தில் மஞ்சள் நிறமாக ஓர் அரண்மனை. பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1745 முதல் 1747 வரையிலான காலத்தில் அதைக் கட்டினார். கட்டடக் கலைஞர் க்னோபெல்ஸ்டார்ஃப். முகப்பில் அரண்மனையின் பெயரைப் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள்: 'சான் சூசி', கவலை இல்லாமல். இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி, முடிவில் ஒரு முற்றுப்புள்ளி. அந்தக் காற்புள்ளி ஏன் அங்கே நிற்கிறது என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

அந்தப் பெயரை வைத்தவரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1730இல், பதினெட்டு வயதில், தந்தையின் கொடுமை தாங்காமல் தப்பியோட முயன்றார். பிடிபட்டார். உடந்தையாக இருந்த நண்பர் காட்டெயின் தலையைக் கோட்டைச் சிறையில் வெட்டச் செய்து, அதை மகன் பார்க்க வேண்டும் என்று தந்தை ஆணையிட்டார். 1740இல் அரியணை ஏறிய ஃபிரெடரிக், அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரியாவுக்குச் சொந்தமான சிலேசியா மீது படையெடுத்தார். அந்த நிலத்தை வைத்துக்கொள்வதற்காக ஆண்டுக்கணக்கில் போரிட்டார். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில், குனர்ஸ்டார்ஃப் களத்தில் தோற்ற இரவில், உயிரோடு இருக்க விருப்பமில்லை என்ற மனநிலைக்கே போய்விட்டார். மனைவி எலிசபெத் கிறிஸ்டினுக்கு அந்த அரண்மனையில் இடமில்லை. அவர் வேறொரு மாளிகையில் தனியாக வாழ்ந்தார். விருந்தாளியாக 1750இல் வந்த பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர், மூன்றே ஆண்டுகளில் மனக்கசப்போடு வெளியேறினார். வழியில் ஃபிராங்ஃபர்ட்டில் ஃபிரெடரிக்கின் ஆட்கள் அவரைப் பிடித்து வைத்தார்கள்.

ஃபிரெடரிக்கின் ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வளவு காயம்பட்ட ஒருவர் ஓரிடத்திலாவது கவலையின்றி இருக்க ஆசைப்பட்டதில் தவறு எதுவும் இல்லை. தம் நாய்களுக்குப் பக்கத்தில் அந்த மேடையிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தார். 1786 ஆகஸ்ட் 17இல் அங்கேயே ஒரு நாற்காலியில் உயிர்விட்டார். ஆனால் வாரிசு அவரைக் கொண்டுபோய் எந்தத் தந்தையிடமிருந்து ஓடப் பார்த்தாரோ அந்தத் தந்தையின் பக்கத்திலேயே வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது சவப்பெட்டி உப்புச் சுரங்கத்துக்குப் போனது, அங்கிருந்து தேவாலயத்துக்கு, பின்னர் ஒரு கோட்டைக்கு. அவர் கேட்ட இடத்துக்கு 1991 ஆகஸ்ட் 17இல்தான் வந்து சேர்ந்தார். அவருடைய போர்களில் மாண்டுபோன படைவீரர்களுக்கும், ஊர் எரிந்துபோன குடியானவர்களுக்கும் சான் சூசி என்று ஓரிடம் எங்கேயும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தச் சிலேசியாவுக்கே இன்னொரு வழியாகப் போவோம். அங்கே டோஸ்ட் என்றோர் ஊர். இன்று போலந்தில் டோஷெக் என்ற பெயரோடு இருக்கிறது. 1940இல் அங்கிருந்த பழைய மனநோய் மருத்துவமனையை ஜெர்மானியர்கள் அந்நிய நாட்டுக் குடிமக்களை அடைத்துவைக்கும் முகாமாக மாற்றினார்கள். அதில் அடைபட்டவர்களில் ஒருவர் பி. ஜி. வுட்ஹவுஸ்.

இந்த அவையில் வுட்ஹவுஸின் வாசகர்கள் பலர் இருப்பீர்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆங்கில உரைநடையில் இன்சூசியன்ஸ் என்பதற்கு ஓர் உருவம் கொடுக்கச் சொன்னால் அவருடைய பெர்ட்டி வூஸ்டரைத்தான் காட்டுவேன். வேலை கிடையாது, பணக் கவலை கிடையாது, எழுந்திருக்க அவசரம் கிடையாது. அத்தைமார்களிடம் கொஞ்சம் பயம் உண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதைகளின் அமைப்பைப் பாருங்கள். பெர்ட்டி தனியாக வருவதே இல்லை. நிழல்போல ஜீவ்ஸ் வருகிறார். சட்டைப் பொத்தானிலிருந்து கல்யாணச் சிக்கல் வரை எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைக்கிறவர் அவர். ஒருவர் இன்சூசியன்ட், மற்றவர் சொலிசிட்டஸ். ஒரே வேரில் பிறந்த உறவினர்கள் என்று சொன்னேன் அல்லவா, அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஜீவ்ஸை எடுத்துவிட்டால் பெர்ட்டியின் கவலையற்ற வாழ்க்கை ஒரு வாரம் தாங்காது. வுட்ஹவுஸ் இதை அறியாமல் எழுதவில்லை. அவருடைய நகைச்சுவையின் முதுகெலும்பே அதுதான். அவர் வீட்டிலும் பண விவகாரங்களை மனைவி எத்தெல்தான் கவனித்துக்கொண்டார்.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை பிரான்சின் வடகடலோரத்துக்கு வந்தபோது வுட்ஹவுஸ் அங்கே ல டூக்கே என்ற ஊரில் குடியிருந்தார். அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆங்கிலேய ஆண்கள் என்ற கணக்கில் அவரையும் பிடித்துச் சென்றார்கள். சிறை, கோட்டை, முகாம் என்று மாறிமாறிக் கடைசியில் டோஸ்ட். அங்கேயும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, ஒரு நாவலையே முடித்தார். 1941 ஜூனில் விடுவித்துப் பெர்லினுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது ஜெர்மன் வானொலியில் அமெரிக்க நேயர்களுக்காக ஐந்து உரைகளை அவர் நிகழ்த்தினார். முகாம் வாழ்க்கையை அவருக்கே உரிய பாணியில் கலகலப்பாக விவரிக்கும் உரைகள். அரசியல் ஒரு சொல்கூட இல்லை. பயப்படவில்லை, சோர்ந்துபோகவில்லை, எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிட்டோம் என்கிற தொனி.

அந்தத் தொனிதான் பிரச்சினை. 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டன் நகரங்களின் மீது குண்டு போட்டதில் 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்திருந்தார்கள். இடிபாடுகளை அகற்றி முடிக்காத ஒரு நாட்டின் காதில், எதிரியின் வானொலியிலிருந்து அந்தச் சிரிப்பு விழுந்தது. அந்த உரைகள் தொடங்கிய அடுத்த மாதமே பி.பி.சி.யில் வில்லியம் கானர் என்ற பத்திரிகையாளர் அவரைத் துரோகி என்ற அளவுக்குச் சாடினார். நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. சில நூலகங்கள் அவருடைய புத்தகங்களை அகற்றின.

அவர் துரோகி அல்லர். போர் முடிவதற்கு முன்பே பிரிட்டிஷ் உளவுத்துறையின் அதிகாரி ஒருவர் பாரிசில் அவரை விசாரித்து, வழக்குத் தொடர இடமில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் அவருக்காக ஒரு கட்டுரை எழுதினார். முதல் உலகப் போருக்கு முந்தைய உலகத்திலேயே மனத்தளவில் தங்கிவிட்டவர், தாம் செய்தது என்ன என்று உணரும் அரசியல் அறிவே இல்லாதவர் என்பது ஆர்வெலின் வாதம். வசதி படைத்த உண்மையான குற்றவாளிகள் தப்பிக்க ஓர் எழுத்தாளரைப் பலியாடாக்குகிறார்கள் என்றும் அவர் எழுதினார். ஆர்வெலோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனாலும் ஒன்றை மறக்க முடியவில்லை. டோஸ்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஆஷ்விட்ஸ் முகாம் 1940லேயே தொடங்கிவிட்டது. வுட்ஹவுஸுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர் சிரித்தது தம்முடைய பசியையும் தம்முடைய குளிரையும் பார்த்துத்தான், அது துணிவு. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அதே சிரிப்பு பிறருடைய துயரத்தின் மேல் போய் விழுந்தது. ஆள் மாறவில்லை, நடையும் மாறவில்லை. விலை கொடுக்கிறவர்கள் மட்டும் மாறிவிட்டார்கள். இன்சூசியன்ஸ் என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே மனிதரிடம், ஒரே மாதத்தில், இவ்வளவு தெளிவாகத் தெரிந்த வேறொரு நிகழ்வை நான் படித்ததில்லை.

அவர் பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. 1955இல் அமெரிக்கக் குடிமகனானார். 1975இன் தொடக்கத்தில் அவருக்கு சர் பட்டம் அறிவித்தார்கள். அடுத்த மாதமே இறந்தார்.

இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் 1928இல் ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். சுவிட்சர்லாந்தில் ஒரு விடுதியின் மாடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கீழே சரிவில் இரண்டு பேர் புல் அறுக்கிறார்கள். அந்தக் காட்சியில் அவர் ஒன்றிப்போயிருக்கும் நேரத்தில், பக்கத்து மாடத்திலிருந்து நரைத்த தலை ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் முசோலினி போருக்கு ஆயத்தமாகிறாரா என்று பேச்சுக் கொடுக்கிறார். லாரன்ஸுக்கு எரிச்சல். கண்ணெதிரே உயிரோடு இருக்கிற உலகத்தை விட்டுவிட்டு, எங்கோ இருக்கிற கருத்துகளைப் பற்றிக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டே இந்தத் தலைமுறை வாழ்க்கையைத் தொலைக்கிறது என்கிறார். காசநோயால் நுரையீரல் தேய்ந்துகொண்டிருந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளில் சாகப்போகிறவர், புல்லறுக்கும் அரிவாளின் ஓசையைக் கேட்க ஆசைப்பட்டதை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தக் கட்டுரையை நான் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் 1935இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது, அங்கே நச்சுப் புகையைப் பயன்படுத்தியது. 1940இல் அவர் உலகப் போரிலும் இறங்கினார். மாடத்தில் கேள்வி கேட்ட அந்த அம்மையாரின் கவலை வீண் கவலை அல்ல என்று காலம் காட்டிவிட்டது.

இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் கவலையின்மையைத் தாங்களே தேர்ந்துகொண்டவர்கள். தாங்கள் கேட்காமலேயே கவலையற்றவர்கள் என்று பெயர் வாங்கியவர்களும் உண்டு. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமை முறையை ஆதரித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாதம், கறுப்பின மக்கள் இயல்பாகவே 'ஹேப்பி-கோ-லக்கி' ஆனவர்கள், பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், நாளையைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை என்பது. முகத்தில் கரி பூசிக்கொண்டு வெள்ளையர்கள் நடத்திய மேடைக் கேளிக்கைகள் அந்தப் படிமத்தை நாடு முழுவதும் பரப்பின. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதற்கு நேராகப் பதில் சொன்னார். அடிமைகள் பாடுவதை அவர்களுடைய நிறைவுக்குச் சான்றாகக் காட்டுவதைவிடப் பெரிய தவறு இல்லை, துயரம் மிகும்போதுதான் அவர்கள் அதிகம் பாடினார்கள் என்றார். வெளியே நிற்கிறவர் உச்சரிக்கிற சொல் என்று முன்பு சொன்னேன். வெளியே நிற்கிறவரின் கையில் சாட்டையும் இருந்துவிட்டால் அந்தச் சொல் என்ன வேலை செய்யும் என்பதற்கு டக்ளஸின் பக்கங்களே சாட்சி.

மலாயாவில் நடந்தது நம்மைத் தொடுகிற கதை. மலாய் மக்கள் சோம்பேறிகள், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் என்று காலனி அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார்கள். சமூகவியலாளர் சையது ஹுசைன் அலாட்டாஸ் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை' எனும் பொருள்படும் நூலில் அந்தப் பேச்சை அடியோடு பிரித்துக் காட்டினார். மலாய் மக்கள் தங்கள் வயலில் உழுதார்கள், தங்கள் படகில் மீன் பிடித்தார்கள். தோட்டத்தில் குறைந்த கூலிக்கு அடிமைபோல உழைக்க மட்டும் அவர்கள் வரவில்லை. வராததற்குத் தண்டனையாகக் கிடைத்த பெயர்தான் அந்தப் பெயர். அவர்கள் வராத ரப்பர்த் தோட்டங்களுக்கு யாரைக் கொண்டுபோனார்கள்? தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்களை, கங்காணிகள் மூலமாக, கப்பல் கப்பலாக. ஒரு மக்களைக் கவலையற்றவர்கள் என்று குறித்து ஒதுக்கியபோது, இன்னொரு மக்களின் தலையில் அந்த வேலையும் அதன் கவலையும் ஏற்றப்பட்டன.

கடைசியாக ஒரு மனிதர். கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்ட்டியிலும் ஒரு சான் சூசி அரண்மனை உண்டு. அடிமைகளின் புரட்சியில் தளபதியாக இருந்து, 1811இல் தம்மை அரசராக அறிவித்துக்கொண்ட ஆன்றி கிறிஸ்டாஃப், மிலோ என்ற ஊரில் 1810க்கும் 1813க்கும் இடையே அதைக் கட்டினார். 1820இல் பக்கவாதம் வந்து, படைகளும் கைவிட, அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். 1842 நிலநடுக்கத்தில் அரண்மனை இடிந்தது. இடிபாடுகள் 1982 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. போட்ஸ்டாம் அரண்மனையைப் பார்த்துத்தான் கிறிஸ்டாஃப் அந்தப் பெயரை வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதிப் போனார்கள்.

ஆனால் சான் சூசி என்ற பெயரில் அங்கே ஒரு மனிதர் இருந்தார். ழான்-பத்தீஸ்த் சான் சூசி. ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர், புரட்சிப் படையின் தலைவர்களில் ஒருவர். 1802இல் நெப்போலியனின் படை வந்து இறங்கிய சில மாதங்களில் கிறிஸ்டாஃப் உள்ளிட்ட பெரிய தளபதிகள் அதனோடு சேர்ந்துகொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரை மலைகளில் உயிரோடு வைத்திருந்தவர்களில் முன்னே நின்றவர் சான் சூசி. பின்னர் அந்தத் தளபதிகள் மறுபடியும் புரட்சியின் பக்கம் திரும்பியபோது, நேற்றுவரை தங்களை வேட்டையாடியவர்களின் தலைமையை ஏற்க அவர் தயங்கினார். 1803இல் பேச்சுவார்த்தைக்கு என்று கிறிஸ்டாஃப் அவரை அழைத்துக் கொன்றார். அடுத்த ஆண்டின் முதல் நாளில் ஹெய்ட்டி விடுதலை அடைந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கொன்றவர் தம் அரண்மனைக்குச் சூட்டியது கொல்லப்பட்டவரின் பெயர்.

ஹெய்ட்டியில் பிறந்த மானிடவியலாளர் மிஷேல்-ரோல்ஃப் ட்ரூயோ 1995இல் வெளியிட்ட 'சைலன்சிங் த பாஸ்ட்' என்ற நூலில் இதை எடுத்துக்காட்டினார். அரண்மனையின் பெயரே அந்த மனிதரை இரண்டாம் முறை கொன்றது என்பது அவர் வாதம். கவலையின்மை என்று பொருள் சொல்லிவிட்டு அகராதிகள் நகர்ந்துவிடுகிற இரண்டு சொற்களுக்கு அடியில் ஒரு விடுதலை வீரர் புதைந்து கிடந்திருக்கிறார். நாட்டுக்காக மலையில் நின்றவரின் கவலை முழுவதையும் அந்தப் பெயர் துடைத்துவிட்டது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்சூசியன்ட் என்ற சொல்லை உங்கள் ஆங்கிலத்தில் பயன்படுத்துங்கள், அது நல்ல சொல். ஆனால் வுட்ஹவுஸைப் படிக்கிறவர்கள் ஆர்வெலின் கட்டுரையையும் சேர்த்துப் படியுங்கள். ட்ரூயோவின் நூலைத் தேடி எடுத்து, நாலு பேராகக் கூடி உட்கார்ந்து, சான் சூசியைப் பற்றிய அந்த இயலை முதலில் படியுங்கள். மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அலாட்டாஸின் நூலை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.